பவளப்பாறை அலையை என்ன செய்கிறது?

2014ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் 97 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தபோது முதலில் நம்ப முடியல. பவளத்திட்டைக் கடக்கும் அலை சராசரியாக அவ்வளவு ஆற்றலை இழக்கிறதாம். அலையின் ஆற்றலில் 86 சதவீதம் திட்டின் முகட்டிலேயே போய்விடுகிறது.

ஆழம் சட்டென்று குறையும்போது அலையின் அடிப்பகுதி தயங்கும், மேல்பகுதி தயங்காது. கவிழ்ந்து நுரையாகிவிடும். மிச்சத்தைக் கரடுமுரடான பவளம் உரசியே தின்றுவிடும். அலையின் உயரம் பாதியானால் ஆற்றல் கால்வாசி. இந்தக் கணக்குப்படி 97 சதவீதம் போனால், 1 மீட்டர் அலை சுமார் 17 சென்டிமீட்டர் ஆகிவிடும். போட்டுப் பாருங்க!

திட்டை எடுத்துவிட்டால்? மன்னார் வளைகுடாவைப் பாருங்க. சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளத்தை வெட்டினாங்க. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள்ள போயிடுச்சு. தூத்துக்குடி பக்கம் வான் தீவும் கரைஞ்சுகிட்டே வந்தது. பவளம் செய்துவந்த வேலைக்கு 2015 வாக்கில் கான்கிரீட் திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. அரிப்பு குறைந்திருக்கிறது. அந்தக் கான்கிரீட்டின் மேலேயே இப்போ சின்னச் சின்னதாகப் பவளம் ஒட்டி வளருது.