கடிவாளம் யாருக்கு?

பங்கிலுள்ள இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் பெற்றோரிடமிருந்து நாம் கேட்கும் முறையீடு ஒன்றுண்டு: “சாமி, பையன் எங்கள் சொல்லைக் கேட்பதேயில்லை. நீங்களாவது கூப்பிட்டுக் கண்டித்து வையுங்கள்.” பையனை அழைத்துப் பேசுவது நமக்கு அரிதன்று. ஆனால், திருத்தம் வேண்டியது அவனிடம் மட்டுந்தானா என்னும் ஐயம் நம் உள்ளத்தில் எழாமலிருப்பதில்லை. ஒருவரை உருவாக்க முனைபவர் தாமும் உடன் உருவாக வேண்டாமா? இவ்வினாவுக்கு நாம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து விடை கிடைக்கிறது. அது ஒரு குதிரைப் பள்ளி.

வியன்னாவின் வெண்மண்டபம்

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில், பழைய பேரரசர் மாளிகையோடு இணைந்ததாக ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி அமைந்துள்ளது. 1565-ஆம் ஆண்டிலேயே அதன் பயிற்சிக்களம் பற்றிய குறிப்பு காணப்படுகிறது. ஸ்பெயின் நாட்டுக் குதிரைகளின் வழிவந்தவை அங்குப் பழக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. இப்போதுள்ள மண்டபம் பேரரசர் ஆறாம் சார்லஸ் காலத்தில், 1735-இல் கட்டி முடிக்கப்பெற்றது. 46 தூண்கள், சரவிளக்குகள், எங்கும் வெண்ணிறம். உள்ளே வரும் சவாரி வீரர்கள் பேரரசரின் திருவுருவப் படத்தை நோக்கித் தொப்பியை அகற்றி வணங்குவது இன்றளவும் மாறாத வழக்கம்.

அங்குள்ள குதிரைகள் லிப்பிசானர் என்னும் இனத்தைச் சார்ந்தவை. குட்டிகள் பிறக்கும்போது கருமையாகவோ பழுப்பாகவோ இருக்கும்; ஆறு முதல் பத்து வயதுக்குள்தான் வெண்மை பெறும். ஒவ்வோர் ஆண்குதிரையும் தந்தைவழிப் பெயரோடு தாயின் பெயரையும் சேர்த்தே தாங்குகிறது. இரு பெற்றோரையும் மறவாத இவ்வழக்கம் நம் குடும்பங்களுக்கும் இனிக்கும்.

குதிரைக்கு ஏறக்குறைய நான்கு வயதானதும் பயிற்சி தொடங்குகிறது. முதலாண்டில் அது கற்பது மிகச் சிறிதே: முதுகில் ஆளைத் தாங்கி, தன் இயல்பான நடையிலும் ஓட்டத்திலும் நேராக முன்செல்லுதல். அடுத்த ஆண்டில் வளைவுகளும் வட்டங்களும். அதன் பின்னரே உயர்ந்த பயிற்சிகள். முழுப் பயிற்சிக்கும் ஆறாண்டுகள் ஆகலாம். முன்கால்களை மடித்து, பின்கால்களின்மேல் அசையாது நிற்கும் ‘லெவாட்’, நான்கு கால்களும் தரையை விட்டெழப் பாய்ந்து பின்கால்களை உதறும் ‘கப்ரியோல்’ ஆகியவற்றைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். ஆயினும் இப்பாய்ச்சல்கள் எல்லாக் குதிரைகளுக்கும் கற்பிக்கப்படுவதில்லை. எதனிடம் அத்திறன் இயல்பாக உண்டோ, அதற்கு மட்டுமே.

மேய்ச்சல் நிலத்தில் தானாக விளையாடும்போது குதிரை துள்ளும் துள்ளலைத்தான் பள்ளி செம்மைப்படுத்துகிறது. புதிதாக ஒன்றைத் திணிப்பதில்லை. இறையருள் மனித இயல்பை ஒழித்துவிட்டுச் செயலாற்றுவதில்லை என்று புனித அக்குவினாஸ் தோமையார் கற்பித்ததை இது நமக்கு நினைவூட்டுகிறது.

முதிய குதிரை, இளைய மாணவன்

இனி, மனிதருக்கான பயிற்சியைக் காண்போம். புதிதாகச் சேரும் மாணவனுக்கு இளங்குதிரை தரப்படுவதில்லை. நன்கு தேர்ந்த முதிய குதிரையின்மேல் அவன் அமர்த்தப்படுகிறான். ஆசிரியர் நீண்ட கயிற்றைப் பற்றிக் குதிரையை வட்டமாகச் செலுத்துவார். மாணவனுக்கோ கையில் கடிவாள வாரில்லை; காலுக்கு அங்கவடியில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றுமின்றி, நேராகவும் தளர்வாகவும் அமரக் கற்பதே அவனது முதற்பாடம். இது பல மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல் நீளும். குதிரையை அடக்குவதற்கு முன் தன்னுடலை அடக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. அவன் சற்றே சாய்ந்தமர்ந்தாலும் குதிரையின் நடையும் கோணும். மாணவனின் பிழையைச் சொல்லாமல் சொல்லும் ஆசிரியர் அக்குதிரையே!

முதிய குதிரை இளைய மாணவனைப் பயிற்றுகிறது. முதிர்ந்த வீரர் இளங்குதிரையைப் பயிற்றுகிறார். மாணவன் தேறியபின் ஓர் இளங்குதிரை அவன் பொறுப்பில் விடப்படும். அதைத் தானே பழக்கி, அரங்கேறும் அளவுக்கு உயர்த்திய பின்னரே அவன் முழுமையான சவாரி வீரனாக ஏற்கப்படுவான். இதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிடுவதுண்டு. இக்கலை பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வந்துள்ளது. 2008-ஆம் ஆண்டு முதல் பெண்களும் மாணவியராகச் சேர்க்கப்படுகின்றனர். 2015-இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

பொதாய்ஸ்கியின் நெறி

1939 முதல் 1964 வரை இப்பள்ளியின் தலைவராய் விளங்கியவர் அலோயிஸ் பொதாய்ஸ்கி. பந்தயத்தில் பயனற்றதென ஒதுக்கப்பட்ட நீரோ என்னும் குதிரையைப் பழக்கி, 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றவர் அவர். தாம் எழுதிய நூலொன்றுக்குக் குதிரைகளைத் தம் ஆசிரியர்களாகக் குறிக்கும் தலைப்பையே இட்டார்.

அவரது நெறி எளியது. குதிரை கீழ்ப்படியாதபோது வீரர் முதலில் தம்மிடம் பிழையைத் தேட வேண்டும். நாம் கேட்டது அதற்குப் புரிந்ததா? அதன் வலிமைக்கு ஏற்றதா? பாடம் கடினமானால், அது முன்பே அறிந்த எளிய பாடத்துக்குத் திரும்பி மீண்டும் தொடங்க வேண்டும். அவசரம் ஆகாது. நன்கு செய்ததை உடனே பாராட்ட வேண்டும். இதற்கெனவே அப்பள்ளி வீரர்களின் அங்கியின் பின்புறத்தில் சர்க்கரைக் கட்டிகள் வைக்கும் பை ஒன்று தைக்கப்பட்டிருக்கும்.

இந்நெறிக்குச் சோதனை நாளும் வந்தது. உலகப் போரின் இறுதியில் வியன்னாமீது குண்டுகள் பொழிந்தன. 1945-இல் பொதாய்ஸ்கி குதிரைகளை அங்கிருந்து அகற்றி, சாங்க்ட் மார்ட்டின் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டு மே 7-ஆம் நாள் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் முன்னிலையில் அக்குதிரைகள் தம் கலையைக் காட்டின. பொதாய்ஸ்கி குதிரைமீதிருந்தபடியே தளபதியை அணுகி, பள்ளிக்குப் பாதுகாப்பு வேண்டினார்; அது அளிக்கப்பட்டது. இடம்பெயர்ந்த அலைச்சலிலும் அக்குதிரைகள் தடுமாறவில்லை. பல்லாண்டுப் பொறுமையில் விளைந்த நம்பிக்கை அன்று துணைநின்றது.

நம் நாவுக்கே முதலில்

இந்நெறியை நாமும் பிந்தியே கற்றோம். திருப்பலியில் உதவிசெய்ய வந்த சிறுவன் ஒருவன் எழுந்தேற்ற நேரத்தில் மணியடிக்கத் தவறினான். திருப்பலி முடிந்ததும் மற்றச் சிறுவர்கள் முன்னிலையில் அவனைக் கடுமையாகக் கண்டித்தோம். அதன்பின் அவன் பீடத்துக்கு வரவேயில்லை. சில வாரங்கள் கழித்து அவன் இல்லத்துக்குச் சென்றபோது, அவன் தாய் தயக்கத்தோடு, “எப்போது அடிக்க வேண்டுமென்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே, சாமி” என்றார். சொல்லித் தந்திருக்க வேண்டியவர் நாமே! அடுத்த ஞாயிறன்று, அனுபவமுள்ள பெரிய பையன் ஒருவனை அவனருகே முழந்தாளிடச் செய்தோம். உரிய நேரத்தில் மணி ஒலித்தது. கண்டிப்பால் ஆகாதது ஒரு துணையால் ஆயிற்று.

ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கரான செனபோன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பதைத் தலையாய விதியாக வகுத்தார். புனித யாகப்பரும் தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் குதிரையின் வாயிலிடும் கடிவாளத்தைக் குறிப்பிடுகிறார். எதற்காக? பிள்ளைகளை அடக்கும் வழி சொல்வதற்காக அன்று. நம் நாவை அடக்க வேண்டியதன் தேவையை உணர்த்துவதற்காகவே. ஆகவே கடிவாளம் முதலில் வேண்டியிருப்பது ஏறியமர்ந்திருப்பவருக்கே.

பிள்ளைகள் குதிரைகள் அல்லர். அவர்கள் இறைவனின் சாயலைத் தாங்கியவர்கள். உரிமையுள்ள உள்ளம் படைத்தவர்கள். வாயற்ற விலங்கிடமே இத்துணைப் பொறுமை காட்டப்படுமாயின், திருமுழுக்குப் பெற்ற நம் மக்களிடம் எத்துணைப் பொறுமை காட்ட வேண்டும்!

அன்புப் பெற்றோரே, அடுத்த முறை மகனைக் கடிந்துகொள்ள வாயெடுக்குமுன், கேட்டது அவனுக்குப் புரிந்ததா, அவனால் இயல்வதா என்று ஒருகணம் எண்ணுங்கள். அவன் நன்கு செய்ததை அன்றே பாராட்டுங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியர் அருகே அவன் அமரட்டும். நம்மிலும் நன்றாக அவர்கள் கற்பிப்பர். மாலைச் செபமாலைக்கு அவனை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் முழந்தாளிடுங்கள். அதன்பின்னும் அவன் சொற்கேளாவிடில், அழைத்து வாருங்கள், பேசுகிறோம். ஆனால், அவனோடு நீங்களும் வந்து அமருங்கள்.