‘சின்ன மாமி’க்குப் பிறகு ஏன் பாட்டு வரவில்லை?

‘ரொக் அண்ட் ரோல் செத்துவிட்டது’ என்ற பேச்சு, அந்த இசைக்கு ஐந்தாறு வயதாக இருக்கும்போதே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. 1957இல் லிட்டில் ரிச்சர்ட் பாட்டை விட்டு மதப் பணிக்குப் போனார். 1958இல் எல்விஸ் பிரெஸ்லி இராணுவத்துக்கு எடுக்கப்பட்டார். 1959 பெப்ரவரியில் பட்டி ஹொலி விமான விபத்தில் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில் சக் பெரி கைதானார். ஆனால் 1964இல் இங்கிலாந்திலிருந்து பீற்றில்ஸ் வந்து இறங்கியபோது அதே இசை வேறு சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நின்றது. பாடகர்கள் போயிருந்தாலும் வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கம்பனிகளும் நடன மண்டபங்களும் அங்கேயே இருந்தன. திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருந்தது.

அந்தக் கேள்வியை எங்களுடைய இசை ஒன்றைப் பற்றியும் கேட்கலாம். ஈழத்துத் தமிழ்ப் பொப், அல்லது துள்ளிசை, செத்துவிட்டதா? செத்ததென்றால் எதனால்? இதைக் கேட்க உரும்பிராயில் இருக்கும் எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகிய பாடல்களைத் தந்த நித்தி கனகரத்தினம் இந்த ஊர்க்காரர்.

துள்ளிசை அமெரிக்க இசையின் நகல் அல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே வந்து தங்கிய ஆடல் பாடல்களும், அவர்களோடு வந்த ஆபிரிக்க மக்களின் தாளமும் சேர்ந்து பைலா ஆனது. வொலி பஸ்தியன்ஸ் அதைச் சிங்களத்தில் எல்லோரும் பாடும் இசையாக்கினார். 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு மின்கித்தாரோடு மேடையேறியது. தமிழ் இளைஞர்கள் அந்தத் தாளத்தையும் கித்தாரையும் எடுத்துக்கொண்டு, உள்ளே யாழ்ப்பாணப் பேச்சை வைத்தார்கள். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் மருமகனும், கள்ளுக்கடைக்குப் போகிறவனுக்குச் சொல்லும் புத்தியும் பாட்டுக்குப் பொருளாயின. மச்சாள் முறை தெரிந்த எந்த வீட்டிலும் விளக்கம் தேவைப்படாத பகிடி அது. ஏ. ஈ. மனோகரன் இந்த இசையை மேடைமேடையாகக் கொண்டுபோய் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டம் பெற்றார். அவர் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் போனது.

பிறகு ஏன் நின்றது? பலரும் சொல்லும் முதற் காரணம் இந்தியச் சினிமாப் பாட்டு. எனக்கு இது பொருத்தமாகப் படவில்லை. துள்ளிசை வளர்ந்த காலத்திலும் இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுத்தான் அரசோச்சியது. அதன் பக்கத்திலேயே இதுவும் வளர்ந்தது.

இரண்டாவதாகச் சொல்லப்படுவது 1977இன் திறந்த பொருளாதாரம். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தன. இந்தியச் சஞ்சிகைகளின் வரவும் குறைந்தது. உள்ளூர்க் கலைக்கு அது கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. கதவு திறந்ததும் கசற் றெக்கோடர்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வந்து குவிந்தன. இந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. அதே கசற்றும் அதே தொலைக்காட்சியும் தென்னிலங்கைக்கும் வந்தன. அங்கே பைலா சாகவில்லை. இன்றைக்கும் புதிதாகப் பாடுகிறார்கள். ஒரே தாளத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று பிழைத்து மற்றது நலிந்தது என்றால், சந்தைக்கு அப்பால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

வடக்கில் முதலில் போனது இரவு. துள்ளிசை வாழ்ந்த இடம் கோயில் திருவிழாவின் இரவு மேடையும் கலியாண வீடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு ஊரடங்கும் சுற்றிவளைப்பும் வாழ்க்கையாயின. விடிய விடியப் பாட்டுக் கேட்டுவிட்டு நடந்து வீடு திரும்பக்கூடிய ஊர் இல்லாமல் போனது.

அடுத்து மின்சாரம். 1990 முதல் பல ஆண்டுகள் குடாநாடு இருளில் கிடந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். எங்கள் வீட்டிலும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். அப்படிக் கேட்கலாம், மின்கித்தாரோடு ஒரு குழு ஒத்திகை பார்க்க முடியாது.

மூன்றாவது ஆட்கள். பாடியவர்களும் வாசித்தவர்களும் கைதட்டியவர்களும் கனடா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா என்று சிதறினார்கள். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போய்த் திரைப்படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

நான்காவதைத்தான் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. சிரிப்பதற்கான மனநிலை போய்விட்டது. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ தந்தவரின் இதே உரும்பிராய்தான் பொன். சிவகுமாரனின் ஊரும். 1974 ஜூன் 5ஆம் திகதி, பொலிஸாரிடம் பிடிபடும் வேளையில் சயனைட் அருந்தி அவர் இறந்தபோது வயது இருபத்துமூன்று. பத்து ஆண்டுகளுக்குள் ஒரே ஊர் இந்த இரண்டையும் கண்டது. சாவு வீடுகள் பெருகிய பிறகு மாமியின் மகளைப் பற்றிப் பகிடியாகப் பாடுவது கூச்சமான காரியமாகிவிட்டது. பாடும் திறமை அழியவில்லை, அது எழுச்சிப் பாடல்களுக்குப் போனது. இசைவாணர் கண்ணன் இசையமைத்தார், எஸ். ஜி. சாந்தன் பாடினார். அந்தப் பாடல்களுக்கு அவற்றுக்கான வேலை இருந்தது. ஆனால் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் ஒரு சமூகத்தின் குரல் அந்த இடைவெளியில் அடங்கிப்போனது.

ஆகவே என் பதில் இதுதான்: துள்ளிசையின் தாளம் சாகவில்லை. எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் டீஜே ‘சின்ன மாமியே’ போட்டால் எழும்பி ஆடாதவர் குறைவு. நின்றுபோனது புதிய பாட்டுப் பிறப்பது. பழையதை ஆடுவதால் மட்டும் ஓர் இசை உயிரோடு இருப்பதாகாது.

ஆட்கள் இல்லை என்று சொல்லவும் முடியாது. மாயா அருள்பிரகாசம் 2005இல் ‘அருளர்’ இசைத்தொகுப்போடு உலகத்துக்குத் தெரிந்தார். கிரிஷான் மகேசன் 2006இல் ‘ஏஷியன் அவெனியூ’ வெளியிட்டார். இன்றைக்கு யாழ்ப்பாணப் பேச்சிலேயே றாப் பாடும் பெடியள் இருக்கிறார்கள். கேட்கும் கூட்டமும் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்கு வந்த சனம் தடுப்புகளைத் தாண்டி உள்ளே வந்து, நிகழ்ச்சியே தடைப்பட்டது. அந்த இரவைப் பற்றி ஒழுங்கீனம், அவமானம் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்குத் தெரிந்தது பசி. இவ்வளவு சனம் இசைக்காக வீட்டைவிட்டு வெளியே வரத் தயாராக இருக்கிறது. அவர்களுக்கு இந்த ஊர்ப் பாட்டைக் கொடுக்கத்தான் மேடை இல்லை.

பீற்றில்ஸ் போல யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. திருவிழா உபயகாரர்களும் சனசமூக நிலையங்களும், வெளியிலிருந்து ஒரு பாடகரை அழைக்கும் செலவில் ஒரு சிறு பங்கை உள்ளூர்க் குழு ஒன்றுக்கு ஒதுக்கி, “இரண்டு பாட்டாவது நீங்களே எழுதினதாக இருக்கவேணும்” என்று ஒரேயொரு நிபந்தனை போட்டால் போதும். வெளிநாட்டிலிருந்து கோயிலுக்குக் காசு அனுப்பும் உறவுகளும் இதைக் கேட்கலாம். முதல் பத்துப் பாட்டு மோசமாகத்தான் இருக்கும். பதினோராவது பாட்டில் யாரோ ஒரு மாமி கோபிப்பார், ஊர் சிரிக்கும்.