டிவிடி நிகழ்பட ஏற்றுமதி அமைப்புகள்

டிவிடி நிகழ்பட ஏற்றுமதி அமைப்புகள் என்பன, தொகுத்து முடித்த நிகழ்படத்தை டிவிடி வட்டில் பதிவதற்கு ஏற்ற கோப்பாக மாற்றும்பொழுது தொகுப்பு மென்பொருளில் தெரிவு செய்யப்படும் அளவைகள் ஆகும். சட்டக அளவு, நொடிக்கான சட்டக எண்ணிக்கை, புல வரிசை, பட விகிதம், பிட்டு வீதம், ஒலி வடிவம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் சிலவற்றை டிவிடி சீர்தரமே வரையறுத்துவிடுகிறது. சில, மூலப் பதிவைப் பொறுத்து அமைபவை. பிட்டு வீதமும் ஒலி வடிவமும் படத்தின் நீளத்தையும் வட்டின் கொள்ளளவையும் கணக்கிட்டு முடிவு செய்யப்பட வேண்டியவை.

பின்னணி

டிவிடி பிளேயர்கள் 1996 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தன. டிவிடி நிகழ்படத்தின் முதன்மையான அமுக்க முறை எம்பெக்-2 ஆகும். கணினியில் இயங்கும் ஒரு நிகழ்படக் கோப்பை அப்படியே வட்டில் எழுதினால் அது தரவு வட்டாக மட்டுமே அமையும். சீர்தரத்தை மட்டும் அறிந்த பிளேயர் அதனை இயக்காது.

மினிடிவி எனப்பட்ட எண்ணிம ஒளிப்பதிவு நாடாவில் படத்தின் பிட்டு வீதம் நொடிக்கு 25 மெகாபிட்டு ஆகும். ஒரு மணிநேரப் பதிவு கணினியில் ஏறத்தாழ 13 கிகாபைட்டு இடம் கொள்ளும். ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவோ 4.7 கிகாபைட்டு, அதாவது 470 கோடி பைட்டு மட்டுமே. எனவே அமுக்கம் தவிர்க்க இயலாதது. இவ்வமுக்கத்தில் ஒருமுறை நீக்கப்பட்ட விவரத்தைப் பின்னர் மீட்க முடியாது என்பதே அமைப்புகளைக் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டியதன் காரணம் ஆகும்.

தொலைக்காட்சி முறையும் சட்டக அளவும்

* பிஏஎல்: 720×576 படவணுக்கள், நொடிக்கு 25 சட்டகங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு உரியது.
* என்டிஎஸ்சி: 720×480 படவணுக்கள், நொடிக்கு 29.97 சட்டகங்கள். அமெரிக்கா, கனடா, சப்பான் முதலிய நாடுகளுக்கு உரியது.

பதிவு எம்முறையில் எடுக்கப்பட்டதோ அம்முறையிலேயே ஏற்றுமதி செய்வது பொதுவாக நன்று. முறை மாற்றத்தின்போது சட்டகங்களைப் புதிதாக உருவாக்கவோ நீக்கவோ நேர்வதால் அசைவின் ஒழுங்கு கெடும். எனினும் பிஏஎல் நாடுகளில் விற்கப்பட்ட பிளேயர்களுள் பெரும்பாலானவை இருமுறை வட்டுகளையும் இயக்கும். வட அமெரிக்காவில் விற்கப்பட்டவற்றுள் பல பிஏஎல் வட்டுகளை இயக்குவதில்லை. எனவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தொகுத்த திருமண வட்டினைக் கனடாவில் உள்ள உறவினருக்கு அனுப்புவோர், அங்குள்ள பிளேயர் எம்முறையை ஏற்கும் என்பதை முன்னரே அறிந்துகொள்வது தேவையாகிறது.

பட விகிதம்

டிவிடி சீர்தரத்தில் 4:3, 16:9 ஆகிய இரு விகிதங்களும் ஒரே எண்ணிக்கையான படவணுக்களில் சேமிக்கப்படுகின்றன. படவணுக்கள் சதுர வடிவின அல்ல. பிளேயர், வட்டில் உள்ள குறிப்பைப் படித்து, படத்தை உரிய அகலத்துக்கு விரிக்கிறது. 16:9 பதிவுக்கு 4:3 எனக் குறித்துவிட்டால் திரையில் மனிதர்கள் மெலிந்து உயர்ந்து தோன்றுவர்.

புல வரிசை

பின்னல் முறைப் பதிவில் ஒவ்வொரு சட்டகமும் இரு புலங்களாகப் பிரிந்துள்ளது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகளும் மற்றொன்றில் இரட்டைப்படை வரிகளும் அடங்கும். இவ்விரு புலங்களும் வெவ்வேறு கணங்களில் பதிவானவை. மினிடிவி பதிவில் கீழ்ப்புலம் முதலில் வருகிறது. 1080 வரிகள் கொண்ட உயர்தெளிவுப் பின்னல் பதிவுகளில் மேற்புலம் முதலில் வருகிறது. டிவிடி சீர்தரம் இவ்விரண்டையும் ஏற்கும். ஆயினும் குறிக்கப்படும் வரிசை மூலத்தின் வரிசையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் பிந்திய கணம் முதலிலும் முந்திய கணம் பின்னரும் காட்டப்பட்டு, அசையும் பொருட்கள் முன்னும் பின்னுமாகத் துடிக்கும். அசைவற்ற காட்சிகளிலும், சில வேளைகளில் கணினித் திரையிலும், இக்குறை புலப்படாது. ஆகவே தொலைக்காட்சியில் இயக்கிப் பார்ப்பதே சரியான சோதனை ஆகும்.

பிட்டு வீதம்

ஒரு நொடி நிகழ்படத்துக்கு ஒதுக்கப்படும் பிட்டுகளின் எண்ணிக்கையே பிட்டு வீதம் ஆகும். டிவிடியில் படத்துக்கான உச்ச வரம்பு நொடிக்கு 9.8 மெகாபிட்டு, படம், ஒலி, துணையுரை யாவும் சேர்ந்து 10.08 மெகாபிட்டைத் தாண்டலாகாது. வீட்டில் எழுதப்படும் வட்டுகளை வாசிப்பதில் பழைய பிளேயர்கள் இடர்ப்படுவதால், உச்ச வீதத்தை 8 மெகாபிட்டு அளவில் நிறுத்துவது வழக்கம்.

சராசரி வீதத்தைப் பின்வருமாறு கணிக்கலாம். ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 37,600 மெகாபிட்டு. பட்டியல் திரைகளுக்கும் கோப்பு அமைப்புக்குமாக 5 விழுக்காட்டை ஒதுக்கினால் எஞ்சுவது 35,720 மெகாபிட்டு. இதனைப் படத்தின் நீளத்தால் (நொடிகளில்) வகுத்து, ஒலியின் வீதத்தைக் கழிக்க வேண்டும். ஒலிக்கு 0.192 மெகாபிட்டு எனக் கொண்டால் படத்துக்குக் கிடைப்பவை:

* 60 நிமிடம்: 9.7 மெகாபிட்டு (உச்சத்துக்கு மேற்பட்டதால் 8 போதுமானது)
* 90 நிமிடம்: 6.4 மெகாபிட்டு
* 120 நிமிடம்: 4.8 மெகாபிட்டு
* 150 நிமிடம்: 3.8 மெகாபிட்டு

வீதம் குறையும்போது நடனம், நீரலை, கூட்டம், கைநடுக்கத்துடன் எடுத்த காட்சி ஆகியவற்றில் சதுரக் கட்டங்கள் தோன்றத் தொடங்கும். எம்பெக்-2 அடுத்தடுத்த சட்டகங்களுக்கு இடையிலான மாற்றத்தைப் பதிந்து இடத்தைச் சேமிப்பதே இதற்குக் காரணம்: மாற்றம் மிகுந்தால் பிட்டுகளின் தேவையும் மிகும். நீண்ட படங்களுக்கு இருகட்ட மாறு வீதக் குறியாக்கம் ஏற்றது. முதற் கட்டத்தில் குறியாக்கி படம் முழுவதையும் ஆராய்கிறது. இரண்டாம் கட்டத்தில் கடினமான காட்சிகளுக்குக் கூடுதலாகவும் எளியவற்றுக்குக் குறைவாகவும் பிட்டுகளைப் பங்கிடுகிறது. குறுகிய படங்களுக்கு மாறா வீதமே போதும்.

ஒலி வடிவம்

டிவிடி ஒலியின் மாதிரி வீதம் பொதுவாக 48 கிலோஏர்ட்சு ஆகும். இசைக் குறுவட்டிலிருந்து எடுக்கப்படும் 44.1 கிலோஏர்ட்சு ஒலியை இதற்கு மாற்ற வேண்டும். அமுக்கப்படாத 16 பிட்டு இருதட ஒலி நொடிக்கு 1.536 மெகாபிட்டைக் கொள்கிறது. 120 நிமிடப் படத்தில் இதனைத் தெரிவு செய்தால் படத்துக்கு 3.4 மெகாபிட்டு மட்டுமே எஞ்சும். அதே ஒலியை 192 கிலோபிட்டு டால்பி டிசிட்டல் வடிவில் அமுக்கினால் 4.8 மெகாபிட்டு கிடைக்கும். நீண்ட நிகழ்படங்களில் ஒலி வடிவத்தின் தெரிவே படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது எனலாம்.

மூலக் கோப்பைப் பேணல்

டிவிடிக்கான கோப்பு பார்வைக்கு உரியதேயன்றிக் காப்பகப் படி அன்று. அதனை மீண்டும் தொகுத்து ஏற்றுமதி செய்தால் அமுக்க இழப்பு இரட்டிக்கும். காந்த நாடா காலப்போக்கில் சிதைவதாலும், அதனை வாசிக்கும் கருவிகள் அருகிவருவதாலும், டிவிடி எழுதப்பட்ட பின்னர் மூலத்தை அழித்துவிட்ட குடும்பங்களுக்கு அவ்வமுக்கப் படியே எஞ்சிய ஒரே சான்றாகிவிடுகிறது. ஆகையால் தொகுத்த படத்தை மூல வடிவிலேயே ஒரு முறை ஏற்றுமதி செய்து, வன்தட்டு இரண்டில் சேமித்த பின்னரே டிவிடிக்கான கோப்பை உருவாக்குவது நன்று.