புதுமனையும் பழமனையும்

“கலியாணஞ் செய்துபார், வீட்டைக் கட்டிப்பார்” என்னும் பழமொழி நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. பொருட்செலவையும் மனவருத்தத்தையும் கருதியே முன்னோர் அவ்வாறு கூறினர். இக்காலத்திலே பிறிதொரு செலவையும் அவற்றோடு கூட்டிக் கணித்தல் வேண்டும். அது வீட்டுக்குரியவன் தன் கையினின்றுங் கொடாத செலவு. நிலமும் நீரும் காற்றும் அயலாருங் கொடுக்குஞ் செலவு. புதுமனை கட்டுதல் நன்றோ, கட்டிய மனையை வாங்குதல் நன்றோ என்னும் வினாவை அச்செலவு பற்றிக் கொலன்னாவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கட்டடப் பொருள்களை நோக்குவாம். சீமெந்துக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கைச் சூளையிலிட்டு எரிப்பின், 44 பங்கு காபனீரொட்சைட்டு வாயுவாய் வெளியேற, 56 பங்கே சுண்ணாம்பாய் எஞ்சும். சூளையில் எரியும் எரிபொருளின் புகை இதற்குப் புறம்பு. மனிதர் செயலால் உலகில் வெளிப்படுங் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்துத் தொழிலால் விளைவதென அறிஞர் கணிப்பர். மணலின் கதையும் இத்தகையதே. களனி ஆற்றில் மணல் மிகையாக அகழப்பட்டமையால் ஆற்றின் அடித்தளந் தாழ்ந்தது. அதனால் வறட்சிக் காலத்திலே கடலின் உவர்நீர், தலைநகர்க்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையை நோக்கி ஏறலாயிற்று. முன்னமே நிற்குஞ் சுவருக்கோ இச்செலவெல்லாம் செலுத்தப்பட்டாயிற்று. அதனைப் பேணின் பயன் தொடரும். இடிப்பின் இருமுறை செலவாகும்.

இனி நிலத்தை நோக்குவாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிலவிலை தம் வருவாய்க்கு எட்டாதெனக் காண்போர் கொலன்னாவைப் பக்கம் திரும்புதல் இயல்பு. இவ்வூர் களனி ஆற்றின் தென்புறத்தே, சதுப்பு நிலங்களை அடுத்துள்ளது. 1989 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஆறு பெருகியபோது இப்பகுதி பெரிதும் இடருற்றது. சதுப்பு நிலம் பயனற்ற வெறுநிலமன்று. மழைநீரைத் தாங்கி மெல்ல விடும் இயற்கை ஏரி அது. 10 பேர்ச் சதுப்பு நிலத்தை 1 மீற்றர் உயரத்துக்கு மண்ணிட்டு நிரப்பின், ஏறத்தாழ 253 கனமீற்றர் மண் செல்லும். வெள்ளம் அம்மட்டத்தை எய்தும் நாளில், அங்கே தங்கியிருக்க வேண்டிய அதே அளவு நீர் அயலார் முற்றத்தை நாடும். ஒருவர் தம் வாயிலை உயர்த்துவது பிறர் வாயிலைத் தாழ்த்துவதாய் முடிகின்றது. கொழும்பு மாநகர் 2018 ஆம் ஆண்டிலே ராம்சார் ஈரநில நகரென்னும் உலக அங்கீகாரம் பெற்றது எஞ்சியுள்ள இத்தகைய நிலங்களினாலேயாம்.

அங்ஙனமாயின் பழமனை யாவுங் கொள்ளத்தக்கனவோ எனின், அல்ல. 2017 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனவே உறுதியை நொத்தாரிசிடங் காட்டுதல் மாத்திரம் போதாது. சுவரில் வெள்ளம் விட்ட கறை எவ்வுயரம், மழைநீர் எவ்வழி செல்கின்றது, அயலில் என்ன இருக்கின்றது என்பனவற்றை அவ்வூர் முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும். கூரை மரத்திற் கறையானையும், அத்திவாரத்தில் வெடிப்பையும் பார்த்தல் வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின் அதனை உடைத்தலும் துளைத்தலும் ஆகா. அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

பழைய வீட்டைத் திருத்தி வாழ்தல் வறியோர் செயலென எண்ணுவாரும் உளர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பு 3 இல், 33 ஆம் ஒழுங்கையிலே, வரிசையாய் நின்ற நான்கு சிறுவீடுகளுள் ஒன்றை 1950 களின் பிற்பகுதியிற் பெற்றார். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் ஏனையவற்றையுஞ் சேர்த்துத் தம் இல்லமாக்கினார். ஒன்றன் இடத்தில் மாத்திரமே புதிதாய் மாடி எழுப்பினார். அவ்வில்லத்தை இன்றும் பலர் சென்று காண்கின்றனர்.

தொகுத்து நோக்குமிடத்து முறை இதுவாம்: முதலில் நிலத்தை ஆராய்க, நிலம் நன்றாயின் அங்கு நிற்கும் வீட்டைத் திருத்த முயல்க, திருத்தவியலாதாயின் மாத்திரம் புதிது கட்டுக. அப்பொழுதும் பழைய ஓட்டையும் மரத்தையும் மீளப் பயன்படுத்துக. சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவராயின் செங்கல்லும் பெரிதும் பழுதின்றிக் கிடைக்கும். சதுப்பை நிரப்பிக் கட்டும் வீடு எத்துணை அழகிதாயினும், அதன் விலையில் ஒரு பகுதியை அயலாரே கொடுக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.