ஆமை புகுந்த வீடு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது பழமொழி. பொறாமை, முயலாமை போன்ற 'ஆமை'களையே முன்னோர் இவ்வாறு குறித்தனர் என்று விளக்கம் கூறுவாரும் உளர். அது எவ்வாறாயினும், இப்பழமொழியைச் சற்றே திருப்பிச் சொல்வதுதான் பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குள் புகுந்த ஆமைதான் பெரும்பாலும் உருப்படுவதில்லை! அதன் ஓடு கோணுகிறது, கால்கள் துவளுகின்றன. இதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் இங்கே காண்போம்.

உப்பூர்க் கரையில் வாழும் நமக்கு ஆமை என்றவுடன் கடலாமையே நினைவுக்கு வரும். ஆனால் வீடுகளில் ஒளித்து வளர்க்கப்படுவது பெரும்பாலும் நட்சத்திர ஆமை. இது வறண்ட புதர்க்காடுகளில் புல்லும் இலையும் தின்று வாழும் தரை ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். அந்த அழகே அதற்குப் பகையாயிற்று.

ஓடும் எலும்பே

ஆமையின் ஓடு சட்டையைப்போல் கழற்றி மாட்டும் பொருளன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஒன்றாய் இணைந்து அமைந்ததே மேலோடு. அதன்மேல் நம் நகத்தைப் போன்ற செதில்கள் மூடியுள்ளன. எனவே எலும்புக்கு வரும் நோய் ஓட்டுக்கும் வரும்.

எலும்பு உறுதி பெறச் சுண்ணாம்புச் சத்தும், அதை உடலில் சேர்க்க வைட்டமின் 'டி'யும் தேவை. அந்த வைட்டமினைத் தோலில் உண்டாக்குவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். இவை குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். ஓடு மென்மையாகும், கால் எலும்பு வளையும், தசை தளரும், ஆமை வயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு நகரும். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயும் இத்தகையதே. 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதா விளக்கொளியைக் கொண்டே அக்குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார்.

ஓட்டில் மேடுகள் கூம்புகளாக எழுவதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். ஆப்பிரிக்கத் தரை ஆமைக் குஞ்சுகளைக் கொண்டு வியன்னாவில் செய்யப்பட்டு 2003-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஆனால் நட்சத்திர ஆமைக்கு இயற்கையிலேயே ஓரளவு மேடுகள் உண்டு. ஆகவே மேட்டைக் கண்டவுடன் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அன்பே நஞ்சாகலாமா?

நாம் அன்போடு இடும் சோறுதான் முதற் குற்றவாளி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய அட்டவணைப்படி, நூறு கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம், பாஸ்பரஸோ 160. பாஸ்பரஸ் மிகுந்தால் உள்ள சுண்ணாம்பும் உடலில் சேராது. அதே அளவு முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து 440; அகத்திக் கீரையில் 1130! மருந்து நம் வேலியிலேயே இருக்கிறது.

செய்ய வேண்டியவை

1. சோறு, ரொட்டி, பால், பிஸ்கட் ஆகியவற்றை நிறுத்திப் புல், முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலை, சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றித் தரலாம்.

2. கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை உப்புப் போகக் கழுவிக் காயவைத்துச் சுரண்டி, அந்தத் தூளைக் கீரைமேல் சிறிது தூவலாம். அது பெரும்பாலும் சுண்ணாம்பே.

3. வெயில் உகந்த விநாயகர் கோயிலால் பெயர் பெற்றது நம் ஊர். ஆமையும் வெயிலை உகக்கும் உயிர். காலை வெயிலில் விடவேண்டும். ஒதுங்க நிழலும் வேண்டும். நடுப்பகல் வெயில் கொன்றுவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன் தராது.

4. தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது, தொட்டியில் விடலாகாது. தாடைக்குக் கீழ் நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்தால் போதும். வழுக்கும் சிமெண்டுத் தரையைவிட மண் தரையே தளர்ந்த காலுக்கு நல்லது.

5. ஓட்டை அராவுவதும், எண்ணெய் அல்லது வர்ணம் பூசுவதும் கூடாது. நம் மாத்திரைகளையும் கொடுக்கலாகாது. வைட்டமின் 'டி' மிகுந்தாலும் நஞ்சே. சிறுநீர்ப்பைக் கல்லாலும், முட்டை அடைப்பாலும்கூடக் கால் தளரும். எது காரணம் என்பதைக் கால்நடை மருத்துவரே எக்ஸ்ரே எடுத்துக் கூற முடியும்.

மென்மையான ஓடு பல மாதங்களில் இறுகும், கால்களும் வலுப்பெறலாம். ஆனால் ஒருமுறை கோணிய ஓடு மீண்டும் நேராவதில்லை. இனி வளரும் பகுதி மட்டுமே சீராக அமையும்.

சட்டம் கூறுவது

மேற்கூறியவை முதலுதவியே. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. 2019-ல் நாடுகளுக்கிடையே அதன் வணிகமும் தடை செய்யப்பட்டது. எனினும் பயந்துபோய் அதைக் காட்டில் வீசிவிடலாகாது. காலூன்ற முடியாத ஆமை அங்கே பிழைக்காது. அதன் நோய் மற்றவற்றுக்கும் தொற்றலாம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

தோழியரே! வாயில்லா உயிர் தன் வலியைச் சொல்லாது. கோணிய ஓடுதான் அதன் முறையீடு. அதைக் கண்டால், பெற்றோரிடம் எடுத்துச் சொல்வோம். ஆமை புகுந்த வீடு உருப்படும். அதற்கு, புகுந்த ஆமையை அதற்குரிய இடத்தில் நாம் சேர்க்க வேண்டும்.