குளிரில் வேன் கிளம்பாவிட்டால்...

மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும். விடியற்காலையில் வேன் கிளம்பாவிட்டால் மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு ஏலம் தவறும். நஷ்டம் நமக்குத்தான்.

செல்ஃப் போட்டதும் 'டக் டக்' சத்தம் மட்டும் வந்தால் முதலில் பேட்டரியைப் பார்ப்போம். குளிரில் அதன் சக்தி குறையும். இன்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, டெர்மினலில் பூத்த உப்பைச் சுடுநீரால் கழுவித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? டீசல் வண்டியானால் ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்துச் செல்ஃப் போடுங்கள். 10 விநாடிக்கு மேல் இழுக்க வேண்டாம். அரை நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள்.

பண்டிகைக்கு முன் சரக்கு இருப்புப் பார்க்கும் நாம், ஐப்பசியிலேயே பேட்டரியையும் சோதித்துவிடுவது நல்லது.