பிரிஞ்சாங் குளிரும் படுக்கையறைத் தூசியும்

“மலையில காற்று சுத்தம், தூசியே இருக்காது” என்று தாப்பாவிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஏறி வருபவர்கள் சொல்வார்கள். வெளிக்காற்றைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஆனால் வகுப்பில் முதல் பாட வேளையில் கேட்கும் தும்மல் வேறு கதை சொல்கிறது. “ராத்திரி முழுக்க மூக்கு அடைச்சிடுச்சு டீச்சர், தூக்கமே இல்ல” என்று சொல்லும் படிவம் 5 மாணவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். வீட்டில் கேட்டால், “குளிர் ஒத்துக்கல” என்பதுதான் பதில். உண்மையில் குளிரைவிடப் பெரிய காரணம் அந்தப் பிள்ளை படுத்திருக்கும் மெத்தைக்குள் இருக்கலாம். தூக்கம் கெட்டால் படித்தது மனத்தில் நிற்காது. ஆகவே படுக்கையறைத் தூசியைத் தேர்வோடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறைத் தூசியில் என்ன இருக்கிறது?

தூசி என்றதும் மண்தான் நினைவுக்கு வருகிறது. தோட்டத்து மண் சப்பாத்தில் ஒட்டி வீட்டுக்குள் வருவது உண்மைதான். ஆனால் படுக்கையறைத் தூசியில் துணி நூல், தலைமுடி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள், பூஞ்சணம் எல்லாம் கலந்திருக்கும். அந்தத் தோல் துகளைத் தின்று வாழ்வதுதான் தூசி உண்ணி. எட்டுக் கால் கொண்ட இது சிலந்திக்கு உறவான உயிர். நீளம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். அதன் அறிவியல் பெயரான ‘டெர்மட்டோஃபகோய்டிஸ்’ என்பதற்குத் ‘தோல் தின்னி’ என்று பொருள்.

இது நம்மைக் கடிப்பதில்லை. அதன் கழிவில் உள்ள புரதம்தான் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணியே முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் ஃபோர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் 1964-இல் எடுத்துக் காட்டினார்கள். தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இழுப்பு ஆகியவை இதனால் வரக்கூடியவை.

உயரம் நம்மைக் காப்பாற்றுமா?

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரம் ஏறக்குறைய 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்துமா நோயாளிகளை அங்கே அனுப்பிச் சிகிச்சை தரும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அங்குள்ள வீடுகளில் தூசி உண்ணி மிகக் குறைவு என்று ஆய்வுகள் காட்டின. பிரிஞ்சாங்கும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அப்படியென்றால் இங்கேயும் உண்ணி குறைவாக இருக்க வேண்டுமே?

அப்படி எதிர்பார்க்க முடியாது. டாவோஸில் உண்ணியைக் கட்டுப்படுத்தியது வறண்ட காற்று. உயரம் மட்டும் அல்ல. தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அது காய்ந்து செத்துவிடும். 70 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் செழித்துப் பெருகும். பிரிஞ்சாங்கில் மழையும் மூடுபனியும் எத்தனை நாள் என்று நமக்கே தெரியும். காலையில் சுவரைத் தொட்டாலே ஈரம் தெரிகிறது. கொலம்பியாவின் போகோட்டா நகரம் இதைவிட உயரம், சுமார் 2,600 மீட்டர். அங்கே காற்றில் ஈரம் உண்டு. வீடுகளில் உண்ணியும் உண்டு. ஆக, பகை உயரத்தில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது.

குளிருக்காக நாம் செய்வது

குளிர் என்பதால் ஜன்னலைச் சாத்துகிறோம். மின்விசிறியும் குளிர்சாதனமும் பல வீடுகளில் இல்லை. அறைக்குள் காற்று அசையாது. கம்பளிமேல் கம்பளி போடுகிறோம். கனமானது என்பதால் அதை மாதக்கணக்கில் துவைப்பதில்லை. சிமெண்டுத் தரை சில்லிடுகிறது என்று கார்ப்பெட் விரிக்கிறோம். வெளியே மழை என்பதால் ஈரத்துணியைப் படுக்கையறைக் கயிற்றிலேயே காயப்போடுகிறோம். சுங்கை பாலாஸ் தோட்ட வீடானாலும் பிரிஞ்சாங் டவுன் அடுக்குமாடி வீடானாலும் இதே பழக்கம்தான். இவை ஒவ்வொன்றும் உண்ணிக்குச் சாதகம். பிள்ளை தும்மினால் ‘குளிர்’ என்று சொல்லி இன்னொரு கம்பளி போர்த்துகிறோம். நோய்க்கு மருந்து என்று நினைத்து நோயையே வளர்க்கிறோம்.

என்ன செய்யலாம்?

முதலில் ஈரத்தைக் குறைக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் மழை மதியத்துக்கு மேல்தான் வரும். காலை வெயில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து, பனி இறங்குவதற்கு முன் சாத்திவிட வேண்டும். எழுந்தவுடன் போர்வையை மடித்து வைக்காதீர்கள். இரவு வியர்வை உலரும்வரை விரித்தே கிடக்கட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைத்தால் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது குறையும். ஈரத்துணிக்குப் படுக்கையறையில் இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, படுக்கைத் துணி. மெத்தை விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் துவைத்தால் கழிவு போகும்; ஆனால் உண்ணி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அது சாக 55 முதல் 60 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். சுடுநீர் இயந்திரம் இல்லாத வீட்டில் ஒரு சின்னக் கணக்குப் போதும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். குழாய் நீர் 18 பாகை என்று வைத்துக்கொள்வோம். கொதிநீர் 2 பங்கு, குழாய் நீர் 1 பங்கு கலந்தால் சுமார் 69 பாகை வரும். துணியும் வாளியும் கொஞ்சம் சூட்டை இழுத்தாலும் தேவையான அளவு மிஞ்சும். கொதிநீரைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

கம்பளியைச் சுடுநீரில் போட்டால் சுருங்கிவிடும். அதை வெளியே தட்டி உதறி, நல்ல வெயிலில் பல மணி நேரம் காயவிடலாம். கனமான பருத்திப் போர்வை என்றால், பக்கத்தில் சுய சேவை டோபி கடை இருந்தால் துவைத்துச் சூட்டு உலர்த்தியில் போடலாம். துணிப் பொம்மையை நெகிழிப் பையில் கட்டி, உறைபெட்டியில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு துவைக்க வேண்டும். உறைய வைப்பது உண்ணியைக் கொல்லும், கழிவை நீக்காது.

மூன்றாவது, துடைக்கும் முறை. காய்ந்த துணியால் தட்டினாலும் விளக்குமாற்றால் வீசிப் பெருக்கினாலும் தூசி மேலே எழும்பி, மறுபடியும் கட்டிலில்தான் வந்து உட்காரும். ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைக்க வேண்டும்: அலமாரி மேல்புறம், ஜன்னல் விளிம்பு, மேசை, கட்டில் கால், கடைசியில் தரை. துடைத்த இடம் உலரும்வரை ஜன்னல் திறந்திருக்கட்டும். எழும்பிய தூசி அடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். தும்மல் உள்ளவர் அதுவரை வெளியே இருப்பது நல்லது. கார்ப்பெட்டைப் படுக்கையறையிலிருந்து எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கால் சில்லிட்டால் காலுறை போட்டுக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் பழைய பயிற்சிப் புத்தகக் கட்டுகளை அடுக்காமல், மூடியுள்ள பெட்டியில் வைக்கலாம்.

சாம்பிராணி போட்டால் அறை சுத்தமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த வாசம் மனத்துக்கு இதம்தான். ஆனால் புகை தூசியை நீக்காது. இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது தொந்தரவையே கூட்டும். பூசை இடத்தோடு நிறுத்திக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்திவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் தூசி முழுவதும் போய்விடாது. அளவு குறைந்தால் தொந்தரவும் குறையும், அவ்வளவுதான். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை ‘அறை சுத்தமாயிடுச்சு’ என்று நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ, தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

தேயிலை கொழுந்தெடுக்கும் அம்மாக்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். காலை வெயிலில் ஜன்னல் திறக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. எனவே வார இறுதிக் காலை இரண்டு மணி நேரத்தை இந்த வேலைக்கு மாணவர்களே எடுத்துக்கொள்ளலாம். துவைப்பது ஒருவர், துடைப்பது ஒருவர் என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது.

மாணவர்களுக்கு

கருத்து விளக்கக் கட்டுரையில் ‘சுத்தம் சுகம் தரும்’ என்று எழுதிவிட்டு அடுத்த கருத்துக்குத் தாவிவிடாதீர்கள். ஏன் சுகம் தரும் என்ற காரணத்தைக் கூறி, ஒரு சான்று காட்டி, பிறகு வழிமுறையைச் சொல்லுங்கள். இக்கட்டுரையில் ஈரம் காரணம், டாவோஸ் சான்று, ஜன்னல் திறப்பது வழிமுறை.

சொல்வளம்:
- ஒவ்வாமை – உடம்பு ஒரு பொருளை ஏற்காமல் காட்டும் எதிர்ப்பு
- ஈரப்பதம் – காற்றில் கலந்துள்ள நீராவியின் அளவு
- பூஞ்சணம் – ஈரமான இடத்தில் படரும் நுண்காளான்
- இழுப்பு – மூச்சு விடச் சிரமப்படும் நிலை

சிந்தனைக் கேள்விகள்:
1. பிரிஞ்சாங்கும் டாவோஸும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தும் தூசி உண்ணியின் நிலை ஏன் வேறுபடுகிறது?
2. குளிருக்காக நாம் செய்யும் மூன்று பழக்கங்களையும் அவற்றின் விளைவுகளையும் எழுதுக.
3. உங்கள் படுக்கையறையில் ஈரம் தங்கும் இடங்களைக் கண்டறிந்து, அதைக் குறைக்கும் வழியை 80 சொற்களில் விளக்குக.